ஒல்லிப்பை நாற்றுகள்

புருஷனை மரம் உதைத்துவிட்டது என்ற செய்தி வந்தபோது நாற்றங்கால் மேஸ்திரியம்மா விதைப்பெட்டிக்கு மணல் சலித்துக்கொண்டிருந்தாள். செய்தி கொண்டுவந்த டிராக்டர் டிரைவர் வண்டியை அணைக்கக்கூட இல்லை. இறங்கி நின்று, "மேஸ்திரியம்மா, கொஞ்சம் வாங்க" என்று மட்டும் சொன்னான். அவள் சல்லடையைக் கீழே வைத்துக் கையைத் தட்டிக்கொண்டு, "யாருக்கு?" என்று கேட்டாள். புருஷனுக்கா, புருஷனின் தம்பிக்கா என்பதுதான் கேள்வி. அண்ணனும் தம்பியும் எப்போதும் ஒரே மரத்தடியில் நிற்கிறவர்கள். டிரைவர் பார்த்த பார்வையிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

புருஷன் கம்பெனியின் தைலமரத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷமாக மோட்டார் ரம்பம் பிடித்தவர். ஆட்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் நூல்குண்டு. கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிற நூல்குண்டு ஒன்றை அவர் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார். எந்தத் தைலமரமானாலும் நாலு பக்கமும் சுற்றிவந்து, கையை நீட்டி நூலைத் தொங்கவிட்டு, மரம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் ரம்பத்தைக் கிளப்புவார். பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறாரே என்று ஆட்கள் கிண்டல் செய்வார்கள். "பொண்ணுகூட ஆயுசு முழுக்கச் சண்டை போடலாம். மரத்துகூட ஒரே சண்டைதான். அதுல நான் ஜெயிச்சாகணும்" என்பார் அவர். வீட்டில் அவளிடம் வேறு மாதிரி விளையாடுவார். நீ நடு, நான் வெட்டுகிறேன், கம்பெனிக்கு வேறு ஆளே வேண்டாம் என்பார். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு அந்த வீட்டில் பேச்சுக்கு இருந்தது அவர்கள் இரண்டு பேரும்தான்.

நடந்ததைக் கொழுந்தன்தான் சொன்னான். பதினாலாம் பிளாக்கில், ஓடைக்கு மேலே உள்ள சரிவில், நல்ல நேரான மரம். அண்ணன் நூல் பிடித்துப் பார்த்தார். சாய வேண்டிய பக்கத்தில், திறந்த வாய் மாதிரி ஒரு துண்டு எடுத்து, வாய் வெட்டினார். பிறகு பின்பக்கம் போய் வெட்ட ஆரம்பித்தார். ரம்பம் பாதிகூடப் போகவில்லை. துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அடியிலிருந்து இரண்டு ஆள் உயரத்துக்கு மரம் நெட்டாகப் பிளந்தது. முன்பாதி முன்னால் சாய, பின்பாதி அப்படியே எழும்பிப் பின்னால் உதைத்தது. கொழுந்தன் பக்கவாட்டில் கழியால் மரத்தைத் தள்ளிக்கொண்டிருந்ததால் பிழைத்தான். அண்ணன் நெஞ்சில் வாங்கினார். இதைச் சொல்லும்போது கொழுந்தன் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

கம்பெனி ஒரு குறையும் வைக்கவில்லை. மேலாளர் வீட்டுக்கு வந்து அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். சேர வேண்டியதெல்லாம் இழுத்தடிக்காமல் வந்து சேர்ந்தது. விசாரணை நடந்தது, அறிக்கையும் வந்தது. அதில் கடைசி வரி மட்டும்தான் அவளுக்கு மனப்பாடம் ஆனது: சாய்ந்த மரத்தை நேர்மரத்துக்குரிய முறையில் வெட்டியதே விபத்துக்குக் காரணம். அதைத் தட்டச்சு செய்து ரம்பக் கொட்டகைக்கு வெளியே அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். புதிதாக வேலைக்குச் சேர்கிற ஆட்களை அதன் முன்னால் நிறுத்தி, இப்படி வெட்டக் கூடாது என்று பாடம் எடுத்தார்கள்.

மகள் வந்து பதினைந்து நாள் இருந்தாள். கூட வந்துவிடு என்று கூப்பிட்டாள். மேஸ்திரியம்மா போகவில்லை. இருபத்திரண்டு வருஷம் நூல் பிடித்த மனுஷன் சாய்ந்த மரத்தை நேர்மரம் என்று நினைத்தார் என்பது அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. செத்தது ஒரு வேதனை. செத்ததோடு கைவேலை தெரியாதவர் என்ற பெயரும் வாங்கிக்கொண்டு போனது இன்னொரு வேதனை. இந்த இரண்டாவதையாவது துடைத்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுபடி வேலைக்குப் போன பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, கைக்கொத்து ஒன்றை எடுத்துக்கொண்டு தனியாகப் பதினாலாம் பிளாக்குக்கு நடந்தாள்.

அங்கே யாரும் எதையும் தொடவில்லை. பிளந்த மரம் கிடந்தபடி கிடந்தது. அடிக்கட்டையில் ஒரு பக்கம் வெட்டு வழவழப்பாகவும் மறுபக்கம் கிழிந்து ஈட்டி ஈட்டியாகவும் நின்றது. மரவெட்டிகள் மரத்தை மேலிருந்து கீழே பார்ப்பார்கள். அவள் நாற்றங்காலில் வளர்ந்தவள், கீழிருந்துதான் பார்ப்பாள். மண்ணோடு ஒட்டின இடத்தில் கையை வைத்துத் தடவியபோது மரம் லேசாக முழங்கால் மடித்த மாதிரி வளைந்து பிறகு நிமிர்ந்திருப்பது கைக்குத் தட்டுப்பட்டது. பதினெட்டு வருஷப் பருமனில் அந்த வளைவு கண்ணுக்குத் தெரியாமல் அமுங்கிவிட்டிருந்தது. மண்ணைக் கொத்தத் தொடங்கினாள்.

ஒரு முழம் தோண்டியதும் வேர் தெரிந்தது. நாலா பக்கமும் கையை நீட்டிப் போயிருக்க வேண்டிய வேர்கள் ஒன்றை ஒன்று சுற்றி, முறுக்கி, கப்பல் கயிற்றைச் சுருட்டி வைத்ததுபோல் ஒரே உருண்டையாக இருந்தன. சுற்றிய இடத்திலேயே பருத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போயிருந்தன. அடியில் ஆணிவேர் கீழே இறங்காமல் தட்டையாக மடிந்து வட்டமடித்திருந்தது. பை வேர். பையிலேயே அதிக நாள் கிடந்த நாற்றின் வேர். பை எப்போதோ மக்கிப் போய்விட்டாலும் வேர் அதன் வடிவத்தை விடவில்லை.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். கிடைத்துவிட்டது, இதைக் கொண்டுபோய் அந்த அறிவிப்புப் பலகைக்குக் கீழே போடுகிறேன் என்று நினைத்தாள். இன்னும் கொஞ்சம் மண்ணைத் தள்ளி, நடுவில் இருந்த பழைய உருண்டையைக் கையால் அளந்தாள். அவளுடைய விரல் விரித்த சாண் அதைச் சுற்றி முக்கால்வாசி வந்தது. அந்தத் தோட்டத்துப் பைகள் அவ்வளவு ஒல்லியாக இருப்பதே இல்லை. ஒரே ஒரு வருஷம் மட்டும் பெரிய பை வராமல், இருந்த ஒல்லிப்பையில் மண் நிரப்பினார்கள். அது அவள் மேஸ்திரியாகி நாலு மாதம் ஆகியிருந்த வருஷம்.

அவள் குழியின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. நாலு மாதத்தில் நடவுக்குப் போக வேண்டிய நாற்பதாயிரம் நாற்று பதினோரு மாதம் பையிலேயே நின்றது. வேர் பையைச் சுற்றிச் சுற்றி அடியில் சுருண்டது. அப்படிப்பட்ட நாற்றைத் தூக்கி எறிய வேண்டும். இல்லையென்றால் அடிவேரைப் பிளேடால் நறுக்கி, பக்கவாட்டில் கீறிவிட்டு நட வேண்டும். அப்போதிருந்த மேலாளர், எறிந்தால் நாற்றங்காலையே மூடிவிட்டு வெளியே நாற்று வாங்கிக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுப் போனார். எட்டுப் பெண்கள் உட்கார்ந்து நறுக்கினார்கள். முதல் நாள் மூவாயிரம்தான் முடிந்தது. மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. லாரிகள் வரிசையாக வந்து நின்றன. டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவள்தான் சொன்னாள்: "போதும், அப்படியே ஏத்துங்க. மண்ணுக்குள்ள போனா வேர் தானா வழி பாத்துக்கும்." சாயங்காலம் மேலாளர் வந்து வேர் நறுக்கியாச்சா என்று கேட்டபோது, நறுக்கியாச்சு என்றாள். அவரும் ஒன்றுக்கு இரண்டாகக் கேட்கவில்லை. அவளும் அதோடு மறந்துபோனாள்.

அவள் வேரைத் தோண்டிப் பார்த்த அந்த வாரமே, தோட்டத்து மரத்தை வாங்குகிற ஆலையிலிருந்து மரம் சோதிக்கிறவர் ஒருவர் வந்தார். பதினாலாம் பிளாக் மரம் பலகைக்கு ஆகுமா, காகிதக் கூழுக்குத்தான் ஆகுமா என்று பார்க்க, விழுந்த மரங்களில் வில்லை வில்லையாக நறுக்கி எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்ட, ஒல்லியான, பேச ஆள் கிடைத்தால் விடாத மனுஷன். மேஸ்திரியம்மா அவரைத் தேடிப் போய், இந்த மரம் ஏன் பிளந்தது என்று கேட்டாள். அவள் யாரென்று அவருக்குத் தெரியாது. நாற்றங்காலில் வேலை பார்ப்பதாக மட்டும் சொன்னாள்.

அவர் அந்தப் பிளந்த மரத்தின் வில்லை ஒன்றை எடுத்து மடியில் வைத்தார். "நடுப்புள்ளி எங்க இருக்கு பாருங்க" என்றார். நடுவில் இருக்க வேண்டிய புள்ளி ஓரத்துக்கு ஒதுங்கி இருந்தது. ஒரு பக்கம் கட்டை கையகலம், மறுபக்கம் இரண்டு விரல்தான்.

"இந்த மரம் சின்ன வயசுல, ரெண்டு மூணு வருஷத்துல, காத்துல சாஞ்சிருக்கு. வேர் பிடிப்பு இல்ல. சாஞ்ச மரம் சும்மா இருக்குமா? நிமிரப் பாக்கும். மனுஷன் கயித்தைப் பிடிச்சு இழுத்து எழுந்திருக்கிற மாதிரி, மேல்பக்கத்துல தனியா ஒரு கட்டையைப் போட்டுக்கும். அந்தக் கட்டை பூரா இழுவிசை. வருஷம் பூரா இழுத்துக்கிட்டே இருக்கும். கடைசியில மரம் நிமிந்துடும். வெளியில பாத்தா நேரா இருக்கும். உள்ள இழுத்துக் கட்டின வில்லு."

"நூல் பிடிச்சுப் பாத்தா தெரியாதா?"

"தெரியாதும்மா. அதான் நிமிந்துடுச்சே." அவர் வில்லையின் அகலமான பக்கத்தை நகத்தால் கீறிக் காட்டினார். அங்கே மரம் வழவழப்பாக இல்லாமல் பஞ்சுபோல் நார் எழும்பி நின்றது. "ரம்பம் போட்டா இப்படித்தான் நார் கிளம்பும். பலகை அறுத்தா வாழைப்பழம் மாதிரி வளையும். ஒரு பக்கம் வெட்டுப்பட்டதும் உள்ள இருக்கிற இழுப்பெல்லாம் சேந்து மரத்தைக் கிழிக்கும். வெட்டினவன் என்ன பண்ணுவான் பாவம்."

அவள் கேட்க வந்ததை அவர் சொல்லிவிட்டார். புருஷன் மேல் தப்பில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. எல்லாம் நாற்றங்காலில் எவனோ சோம்பேறித்தனமாகச் செய்த வேலை, ஐந்து நிமிஷ வேலைக்குப் பதினெட்டு வருஷம் கழித்துப் பலன் என்றார். இந்தப் பிளாக்கில் இப்படி எத்தனை இருக்கும் என்று அவள் கேட்டாள். அஞ்சில் ஒன்று இருக்கலாம், ஏழில் ஒன்று இருக்கலாம், வெட்டினால்தான் தெரியும் என்றார்.

நெருக்கம் குறைக்க இரண்டு தடவை இடைமரம் எடுத்தது போக, அந்தப் பிளாக்கில் ஏழாயிரம் மரம் நின்றது. அடுத்த திங்கட்கிழமை அங்கே மறுபடி வெட்டு ஆரம்பிக்கிறார்கள் என்றும், அண்ணன் பிடித்த ரம்பத்தை இனிமேல் தம்பிதான் பிடிக்கப் போகிறான் என்றும் அவளுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலமே கொழுந்தனைப் போய்ப் பார்த்தாள். ரம்பக் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து சங்கிலியின் பற்களை அரத்தால் தீட்டிக்கொண்டிருந்தான். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: வேர், ஒல்லிப்பை, லாரிகள், தான் சொன்ன பொய். அவன் தீட்டுவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று இழுப்பு, அடுத்த பல். அவள் முடித்த பிறகும் நாலைந்து பல் தீட்டினான்.

"நான் கழியை முன்னாடியே அழுத்திட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், அண்ணி" என்றான். "அதான் பிளந்துடுச்சுன்னு. இத்தனை நாளா தூங்கல."

"நீ ஒண்ணும் பண்ணலப்பா."

"இப்ப தெரியுது." அரத்தைக் கீழே வைத்தான். "நீங்க சொன்னது நல்லதுதான். சொல்லாம இருந்திருந்தா நாளைக்கு நானும் போயிருப்பேன். ஆனா அண்ணி, இனிமே உங்க வீட்டுக்கு என்னால வர முடியாது. கோவம்னு நினைக்காதீங்க. உங்க முகத்தைப் பாத்தா அந்தச் சத்தம்தான் கேக்கும்."

அவன் கோபப்பட்டு நாலு வார்த்தை கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் மேலாளரிடம் போனாள். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். சொல்லியிருக்கத் தேவையில்லை, சொன்னதற்கு நன்றி என்றார். பழைய மேலாளர் காலத்து விஷயம், இதற்காக யாரும் உங்களை வேலையைவிட்டு எடுக்கப் போவதில்லை என்று ஆறுதலும் சொன்னார். அந்த அறிவிப்பை எடுத்துவிடுங்கள் என்று அவள் கேட்டாள். விசாரணை முடிந்துவிட்டது, மேலிடம் கையெழுத்துப் போட்டுவிட்டது, இனிமேல் திறக்க வழியில்லை என்றார். பதினாலாம் பிளாக்கை வெட்டாமல் விடுங்கள் என்றாள். அதற்கு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விஷயம் பரவி, தோட்டத்து ஆட்கள் ஒருவர்கூட அந்தப் பிளாக்குக்குள் கால் வைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மேலாளர் அவர்களை வற்புறுத்தவில்லை. பத்து நாளில் வெளியூரிலிருந்து ஒப்பந்த ஆட்கள் பன்னிரண்டு பேர் வந்து இறங்கினார்கள். தாடி வைத்த ஒருவர் அவர்களுக்குத் தலைவர். மரம் கூழுக்குத்தான் போகப் போகிறது, சீக்கிரம் முடித்தால் போதும் என்பதைத் தவிர அவர்களிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

மேஸ்திரியம்மா தாடிக்காரரிடம் போய்ச் சொன்னாள். புருஷனைப் பறிகொடுத்த துக்கத்தில் இந்தம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "பாத்துக்கறோம்மா, நீங்க போய் ஓய்வெடுங்க" என்றார். அவள் போகவில்லை. சுண்ணாம்பு வாளியும் மட்டையும் எடுத்துக்கொண்டு அவர்களுக்கு முன்னாலேயே பிளாக்குக்குள் போனாள். ஒவ்வொரு மரத்தடியிலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடியில் கை வைத்துத் தடவி, காற்று வருகிற பக்கம் ஒரு சாண் மண்ணைக் கிளறிப் பார்த்தாள். அடியில் முழங்கால் வளைவு இருந்தாலும் சரி, வேர் சுற்றியிருந்தாலும் சரி, மரத்தைச் சுற்றி ஒரு வெள்ளை வட்டம் போட்டாள். விடிந்ததிலிருந்து நாற்றங்கால் மணி அடிக்கும்வரை ஒரு நடை, வேலை விட்டதும் இருட்டும்வரை ஒரு நடை. ஒரு நாளைக்கு எண்பது மரம், நூறு மரம். விரல் நகங்கள் தேய்ந்து சதை தெரிந்தது.

முதலில் ஆட்கள் சிரித்தார்கள். நாலாம் நாள் தாடிக்காரர் ஒரு வட்டம் போட்ட மரத்தைச் சோதனைக்காகத் தானே வெட்டினார். முன்னெச்சரிக்கையாகச் சங்கிலியால் அடிமரத்தை இறுக்கிக் கட்டிவிட்டு, எட்ட நின்று, கையை நீட்டி வெட்டினார். மரம் சங்கிலியை மீறிக் கிழிந்தது. அவர் ரம்பத்தை அணைத்துவிட்டுக் கிழிந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். அன்றிலிருந்து அவளுக்கு அங்கே மரியாதையே வேறு. வட்டம் போட்ட மரத்தை அவர்கள் தொடவில்லை. அவள் வரும்போது யாராவது எழுந்து நின்று டீ ஊற்றிக் கொடுத்தார்கள். தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார்கள். அந்த மூன்று வாரமும் அவள் ராத்திரியில் தூங்கினாள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள்.

இருபத்தோராம் நாள், வட்டம் இல்லாத மரம் ஒன்று உதைத்தது.

வெட்டியவன் அந்தக் கூட்டத்திலேயே கெட்டிக்காரன். முப்பது வயது இருக்கும். வேலை செய்யும்போது சீட்டியடித்துக்கொண்டே இருப்பவன் என்பதால் சீட்டி என்றே அவனைக் கூப்பிட்டார்கள். வட்டம் இல்லாத மரம்தானே என்று அவன் சங்கிலி கட்டவில்லை, எட்ட நிற்கவில்லை, நிதானமாக ஒட்டி நின்று வெட்டினான். மரம் பிளந்து இடுப்பில் அடித்தது. உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே வண்டியில் போனான்.

அவள் ஓடிப்போய் அந்த மரத்தடியைத் தோண்டினாள். கைக்கொத்தை வீசிவிட்டு இரண்டு கையாலும் தோண்டினாள். வேர் நன்றாக இருந்தது. ஆணிவேர் நேராக இறங்கியிருந்தது. பக்கவேர்கள் நாலு பக்கமும் விரிந்து போயிருந்தன. அந்த வருஷம் மழைக்கு முன்னால் நறுக்கிய நாற்றுகளில் ஒன்றாக இருக்க வேண்டும். மரம் சோதிக்கிறவர் மறுநாள் வந்து வில்லை எடுத்துப் பார்த்தார். இப்போது அவள் யாரென்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் குரலைத் தணித்துக்கொண்டார்.

"இது உங்க நாத்து விஷயம் இல்லம்மா. இது வேற" என்றார். "இடைமரம் எடுத்தப்போ இதுக்கு ஒரு பக்கம் பெரிய சந்து விழுந்திருக்கு. வெளிச்சம் வர்ற பக்கம் மட்டும் கிளை போட்டு, தலை கனத்து, அந்தக் கனத்தைத் தாங்க மேல உள்ள கட்டை இழுக்க ஆரம்பிச்சிருக்கு. அடியில பாத்தா ஒண்ணும் தெரியாது. தைலமரத்துல இப்படி நிறைய உண்டு. வேகமா வளக்கறோம் பாருங்க."

"அப்ப எங்க வீட்டுக்காரர் மரம்? அது எதனால?"

அவர் வில்லையைப் பையில் போட்டு, பையின் வாயைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினார். வேரும் காரணமாக இருக்கலாம், இடைமரம் எடுத்த விதமும் காரணமாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அவளைத் தேற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார். அவளுக்கோ காலூன்றி நின்ற கடைசி இடமும் போனது. தன்னால்தான் செத்தார் என்ற ஒன்றையாவது அவள் நிச்சயமாக வைத்திருந்தாள். இப்போது அதுவும் இல்லை. தன்னால் இல்லை என்பதும் இல்லை.

ஒப்பந்த ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். தாடிக்காரர் போகும்போது அவள் பக்கம் பார்க்கவில்லை. பதினாலாம் பிளாக்கில் ஒரு பகுதி வெட்டியும் மிச்சம் நின்றும், நின்றதில் சிலதுக்கு வெள்ளை வட்டத்தோடும், வேலை அப்படியே நின்றது.

ஒரு வாரம் கழித்து அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூன்று மணி நேரப் பஸ் பயணம். ஆண்கள் வார்டில் வரிசையாக இருபது கட்டில். சீட்டியின் பெண்டாட்டி கட்டில் ஓரத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்துப்போன, சின்ன உருவமுள்ள பெண். தோட்டத்திலிருந்து வருகிறேன் என்றதும் எழுந்து முக்காலியைக் கொடுத்துவிட்டுத் தான் நின்றுகொண்டாள். பிள்ளைகள் இரண்டும் அம்மா வீட்டில் இருப்பதாகச் சொன்னாள். நடக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அவரிடம் இன்னும் சொல்லவில்லை என்று கிசுகிசுத்தாள். பிறகு, கேட்காமலே, ஒரு விஷயம் சொன்னாள். முதல் வாரம் போன் பண்ணும்போதெல்லாம் இந்தக் காடு சரியில்லை, பயமாக இருக்கிறது, வந்துவிடுகிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். அப்புறம் ஒரு நாள், இங்கே ஒரு அம்மா மரம் மரமாகப் பார்த்து வட்டம் போடுகிறார், இனிமேல் பயமில்லை என்றாராம்.

மேஸ்திரியம்மாவால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"அந்த வட்டம் போட்டது நான்தாம்மா."

அந்தப் பெண் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் எதுவும் வரவில்லை. கணக்குப் பாடத்தில் விடை சரிதானா என்று யோசிக்கிறவள் மாதிரி யோசித்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: "நீங்க போடாம இருந்திருந்தா, அவர் பயந்துக்கிட்டே வெட்டியிருப்பாரு."

மேஸ்திரியம்மா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அது உண்மைதான்.

கீழே போய் மருந்து வாங்கி வர வேண்டும், பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை, கொஞ்ச நேரம் இருக்கிறீர்களா என்று அந்தப் பெண் கேட்டாள். மேஸ்திரியம்மா இருக்கிறேன் என்றாள். அந்தப் பெண் மருந்துச் சீட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

சிறிது நேரத்தில் சீட்டி கண் விழித்தான். அவளை அடையாளம் தெரிந்தது. எழுந்திருக்கப் பார்ப்பவன்போல் தோளை அசைத்து, முடியாமல் விட்டுவிட்டான்.

"அம்மா, நீங்களா" என்றான். நாக்கு வறண்டிருந்தது. அவள் கரண்டியால் தண்ணீர் ஊற்றினாள். குடித்துவிட்டு, ரொம்ப நாளாகக் கேட்கக் காத்திருந்தவன் மாதிரி கேட்டான்: "நான் எங்கம்மா தப்பு பண்ணேன்? வாய் வெட்டு சரியாத்தான் போட்டேன். பின்வெட்டு உயரமும் சரி. யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், பிடிபடல."

"நீ ஒரு தப்பும் பண்ணலப்பா. மரத்துக்குள்ள இருந்தது அது. வெளியில தெரியாது."

"இல்லம்மா. நீங்க வட்டம் போடாத மரம். நல்ல மரம். நான்தான் ஏதோ பண்ணியிருக்கேன்."

அவள் மறுபடி சொன்னாள். வில்லையைப் பற்றிச் சொன்னாள், ஒரு பக்கம் சந்து விழுந்ததைப் பற்றி, ஒரு பக்கம் கனத்த தலையைப் பற்றி, அடியில் பார்த்தால் தெரியாததைப் பற்றிச் சொன்னாள். தன் கண்ணுக்குத் தப்பிவிட்டது என்று சொன்னாள். அவன் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாள் என்று அவன் நினைப்பது முகத்தில் தெரிந்தது. முடித்ததும், "உங்க மேல ஒண்ணும் இல்லம்மா, மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அங்கே திரும்பிக்கொண்டு, வலது கையை வயிற்றின் மேல் வைத்து, காற்றில் ரம்பம் பிடிப்பதுபோல் விரல்களை மடக்கி, எந்த இடத்தில் பிசகியது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் பெண்டாட்டி மருந்தோடு திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை மேஸ்திரியம்மா அந்த முக்காலியிலேயே உட்கார்ந்து அவனுடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.